போடுங்கோ, நிப்பாட்டுங்கோ

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், மோகன ராகத்தின் மேல் ஸட்ஜத்தை எட்டிப் பிடித்த சந்தோசத்தில் உதயகலா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் மெல்பேர்ன் பிள்ளைகள் மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். மூத்தவளின் வாய் திறந்தபடி கிடந்தது. நடுவிலாளின் கை தாளம் போட எழுந்த இடத்திலேயே நின்றது. சின்னவன் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, தும்மப் போகிறவன் மாதிரி இருந்தான்.

“கேக்குதே பிள்ளையள்?”

திரையின் நடுவில் வட்டமொன்று சுற்றத் தொடங்கியது. சுற்றிச் சுற்றிக் களைத்து அதுவும் போனது.

“அவைக்குக் கேக்காது,” என்று வெளியிலிருந்து பதில் வந்தது. முற்றத்தில் ஜெயரூபன் தன் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கொடிகாமம் சந்தைக்கு விடியப்புறம் மரக்கறி ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, பத்து மணிக்கு முதல் வீட்டுக்கு வந்துவிடுவான் அவளுடைய புருசன். “எனக்குக் கேட்டது. நல்லாத்தான் பாடினனீ.”

உதயகலா திரையையே தட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொன்னால் வாயிலிருந்து வருவது மோகனமாக இராது என்று அவளுக்குத் தெரியும்.

இன்ரநெற் திரும்பி வந்தபோது பிள்ளைகளைக் காணவில்லை. தாய் தக்சாயினி மட்டும் கமராவுக்குக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள்.

“ரீச்சர், பிள்ளையள் எழும்பிப் போட்டினம். பிடிச்சு வச்சிருக்க ஏலாமல் போச்சு.”

“இன்னும் நேரம் கிடக்குத் தக்சாயினி. ஒருக்கால் கூப்பிடுங்கோ, அந்த இரண்டு வரியையும் முடிச்சுவிடுவம்.”

“கோவிக்காதேங்கோ ரீச்சர். போன கிழமையும் இப்பிடித்தான், அதுக்கு முந்தின கிழமையும் இப்பிடித்தான். பிள்ளையள் மாதக் கடைசியிலை மேடையிலை பாடவேணும். இவர் சொல்லுறார், இங்கையே ஒரு ரீச்சர் இருக்கிறாவாம், காரிலை கொண்டுபோய் விடலாமாம். எனக்கு உங்களை விட விருப்பமில்லை. வாற சனிக்கிழமை ஒருக்கால் பாப்பம். சரியே?”

“சரி,” என்றாள் உதயகலா. வேறு என்ன சொல்ல இருக்கிறது?

ஏழு வருசம் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சங்கீதம் படிப்பித்தவள் அவள். இந்த வருசம் நியமனம் வரும், அடுத்த வருசம் வரும் என்று பார்த்திருந்து, கடைசியில் வயது கூடிப்போய்விட்டது என்ற கடிதம்தான் வந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் சுருதிப்பெட்டியைத் தொடவில்லை. கொழும்பிலிருந்த தங்கை தன்னுடைய பழைய லப்ரொப்பை அனுப்பி, மெல்பேர்னில் இருந்த தக்சாயினியையும் அறிமுகப்படுத்திவிட்டபோதுதான் வீட்டில் மறுபடி பாட்டுக் கேட்டது. சனியும் ஞாயிறும் பத்தரை மணிக்கு வகுப்பு. அங்கே அப்போது பின்னேரம். அந்த வருமானத்தில்தான் வீட்டுக் கரண்ட் காசு போனது, அவளுடைய மூக்குக்கண்ணாடி வந்தது. அதைவிட, ரீச்சர் என்று கூப்பிட மூன்று சீவன்கள் திரும்பக் கிடைத்தன.

கச்சாய் வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற மணல் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. நல்ல நெற் வயர் பெருவீதியோடு நின்றுவிட்டது. ஆறு வீட்டுக்காக ஒழுங்கைக்குள் கம்பம் நட ஏலாது என்று கொம்பனி சொல்லிவிட்டது. ஆனபடியால் சிம் போடுகிற ரவுட்டர்தான், அதுவும் ஆரோ பாவித்துக் கழித்தது. கைப்பேசியில் வகுப்பு எடுக்கலாம் என்றால், தென்னங்காணிக்குள் அதற்குச் சிக்னல் வராது. வாசல் படலையடியில் நின்றால் வரும். ஒருநாள் படலையடியில் கதிரை போட்டிருந்து பாடியும் பார்த்தாள். ஒழுங்கை நாய்கள் இரண்டு வந்து முன்னால் குந்திக்கொண்டன. ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. மீன்காரர் சைக்கிளை நிற்பாட்டி, “என்ன தங்கச்சி, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?” என்று விசாரித்தார்.

ரவுட்டர் வைக்காத இடமில்லை. அலுமாரிக்கு மேல் வைத்தாள். யன்னலில் வைத்தாள். சொப்பிங் பையில் போட்டுக் கொய்யாக் கொப்பில் தொங்கவிட்டபோது எறும்பு புகுந்தது. சாமியறை யன்னல் நல்லது என்று அங்கே கொண்டுபோனால், ஜெயரூபன் விபூதி பூச வந்த இடத்தில் ரவுட்டரையும் ஒருக்கால் கும்பிட்டுவிட்டுப் போனான்.

படலையடியில் நின்று கொம்பனிக்கு எடுத்தால் அது இன்னொரு கூத்து. தமிழுக்கு இரண்டை அமத்தி, காத்திருந்து, பாட்டுக் கேட்டு, ஒரு பிள்ளையின் குரல் வரும்.

“ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினீங்களா அம்மா?”

“பண்ணினன் பிள்ளை. நான் பண்ணாட்டிலும் அது தானாப் பண்ணுது. அதுதானே பிரச்சினை.”

“எங்கட பக்கம் எல்லாம் சரியாத்தான் காட்டுது அம்மா. இப்ப வேலை செய்யுதுதானே?”

“இப்ப செய்யுது. பின்னேரத்திலை எப்பவும் செய்யும். காலமை வகுப்பு நேரத்திலைதான் சாகுது.”

“அப்ப அந்த நேரத்தில எடுங்கம்மா.”

“அந்த நேரத்திலை நான் வகுப்பெடுக்கிறதோ, உங்களுக்கு எடுக்கிறதோ?”

அந்தப் பிள்ளை வேறு உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டது. உதயகலா வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை கொடிகாமம் சந்தியில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிற கஜீபனிடம் போனாள். அவன் வீட்டுக்கே வந்து பார்த்தான். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கிழக்கே பார்த்தான்.

“சிக்னல் ரவர் அந்தப் பக்கம் அக்கா. உந்தத் தென்னை மறைக்குது. உது உங்கடையோ?”

உதயகலா வேலிக்கு அப்பால் நின்ற தென்னையைப் பார்த்தாள். சோளகக் காற்றில் அது தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

“இல்லை. இவரின்ரை தமையன்ரை.”

“அப்ப கதைச்சு நாலு ஓலையைக் கழிப்பிக்கலாமே.”

“கதைக்கிறேல்லை,” என்றான் ஜெயரூபன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அடுத்த வளவில் இருக்கிற கதிரவேலுவும் ஜெயரூபனும் கூடப்பிறந்தவர்கள். ஒரு கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்கள், இப்பவும் அதே பங்குக் கிணற்றில்தான் அள்ளுகிறார்கள். இரண்டு வருசத்துக்கு முன் கதிரவேலு தன் மகளின் கலியாணத்துக்குத் தம்பி வீட்டுக்கு வந்து வாயால் சொல்லவில்லை. அழைப்பிதழ்க் காட்டை மட்டும் ஆரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டார். ஜெயரூபன் காட்டைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, கலியாணத்தன்று ஏற்றுவதற்கு ஒன்றுமே இல்லாத லான்ட்மாஸ்ரரைக் கொண்டு சாவகச்சேரி வரை போய் வந்தான். அன்றோடு பேச்சு அறுந்தது. ஒருவர் குளித்துப் போகும் வரை மற்றவர் வாளியோடு மாமரத்தடியில் நிற்பார். பெண்கள் மட்டும் அந்தச் சட்டத்தை மதிக்கவில்லை. கதிரவேலுவின் மனைவி சிவகௌரி, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தால் வேலிக்கு மேலால் ஒரு கோப்பை தருவாள். கோப்பை திரும்பிப் போகும்போது முருக்கங்காய் நாலு போகும்.

ஓலையைக் கழிக்க ஏலாவிட்டால் ஓலைக்கு மேலால் போகவேண்டியதுதான் என்று கஜீபன் ஒரு அன்ரனாவைக் காட்டினான். பழையதுதான், விலையை இரண்டு தரத்தில் தந்தால் போதும் என்றான். அந்த மாதம் ஜெயரூபனுக்கு லான்ட்மாஸ்ரரின் முன் ரயர் மாற்ற இருந்தது. அவன் ரயரை ஒருக்கால் குனிந்து பார்த்துவிட்டு, “இது இன்னும் ஒரு மாதம் ஓடும்,” என்றான். ரயர் அப்படிச் சொல்லவில்லை என்று உதயகலாவுக்கும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த வேலைதான். முந்தி ரீவி அன்ரனா நட்ட இரும்புப் பைப்பை வீட்டுப் பின்கோடிக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, கறள் சுரண்டி, தகரக் கூரையில் ஏறி ஜெயரூபன் கட்டினான். வெயிலில் தகரம் சுட்டது. கால் மாறிக் கால் வைத்துக்கொண்டு, “இப்ப எத்தினை கோடு?” என்று கேட்டான்.

“மூண்டு.”

“இப்ப?”

“இரண்டு. முந்திப் பிடிச்சமாதிரிப் பிடியுங்கோ.”

“முந்தி எப்பிடிப் பிடிச்சனான் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்? இப்ப?”

“அஞ்சு. அசையாதேங்கோ. அப்பிடியே நில்லுங்கோ.”

“அப்பிடியே நிண்டால் வகுப்பு முடியுமட்டும் நானல்லோ நிக்கவேணும்.”

ஐந்து கோடும் நிறைந்தது. அன்று பின்னேரம் அவள் கொழும்புத் தங்கையோடு ஒரு மணித்தியாலம் முகம் பார்த்துக் கதைத்தாள். ஒருதரமும் அறவில்லை. இராச்சாப்பாட்டுக்கு முட்டை பொரித்தாள்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு, வகுப்பு நேரத்திலேயே ஒருக்கால் பார்த்துவிடுவோம் என்று லப்ரொப்பைத் திறந்தாள். கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டு, சுளகில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கத் தொடங்கினாள். வயலின்காரர் வில்லைத் தூக்கினார். தூக்கினபடியே நின்றார்.

உதயகலா சுளகை நிலத்தில் வைத்தாள். எழும்பிப்போய் ரவுட்டரைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறிய அவளுக்கு ஒரு நிமிசம் போதும். எழும்பியும் போனாள். கையை நீட்டும்போதுதான் கண்டாள்: அதில் ஒரு வெளிச்சமும் இல்லை. சிக்னல் வெளிச்சம் மட்டும் போயிருந்தால் ரவரில் பிழை எனலாம். இது எல்லாமே அணைந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்க, முதலாவது மெல்ல மினுங்கியது, பிறகு இரண்டாவது. தலைக்கு மேல் ஃபான் இளைத்து இளைத்துச் சுற்றியது. அவள் ஃபானை நிற்பாட்டிவிட்டுக் காது கொடுத்தாள். வேலிக்கு அப்பால் கதிரவேலுவின் தண்ணீர் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது.

அன்றைக்கும் வியாழக்கிழமைக்கும் அவள் வேறொரு வேலையும் செய்யவில்லை. மோட்டர் தொடங்குகிற கணத்தில் ரவுட்டர் சாகும். அது எழும்பி வர, மோட்டர் ஒருக்கால் நின்று திரும்பத் தொடங்கும், ரவுட்டரும் திரும்பச் சாகும். இந்தக் கோடையில் கிணறு ஊறித் தண்ணீர் ஏறப் பத்து மணி தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் அவர் கத்தரிக்கு இறைப்பார், கிணறு வற்ற வற்ற நிற்பாட்டி நிற்பாட்டி. இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் கரண்ட். கடைசிக் கம்பம். கிழட்டு ரவுட்டர், கரண்ட் கொஞ்சம் தாழ்ந்தாலும் தாங்காது.

வியாழன் பின்னேரமே அவள் ஜெயரூபனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை.

“தண்ணி இறைக்கிறதுக்கும் மெல்பேர்னுக்கும் என்ன சம்பந்தம்? கஜீபன் படிச்ச பெடியன். அவன் சொல்லேல்லையே.”

“அவன் மத்தியானம் வந்து பாத்தவன். அப்ப மோட்டர் ஓடேல்லை.”

“சரி, அப்பிடியே இருக்கட்டும். நான் அங்கை போய்க் கேக்கமாட்டன்.”

“உங்களை ஆர் கேக்கச் சொன்னது?”

வெள்ளிக்கிழமை காலை அவளே பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்குப் போனாள். வேலியில் கிடுகு விலகின அந்தப் பொட்டு, முந்தி எல்லாரும் போய்வந்த வழி. கதிரவேலு கத்தரிக்குள் குந்தியிருந்து புழுக்குத்தின காய்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழும்பித் தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். சிவகௌரி குசினி வாசலுக்கு வந்தாள்.

உதயகலா விசயத்தைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

“பிள்ளை, உங்கடை நெற்றுக்கு நான் என்ன செய்யிறது? கரண்டுக்கு நானும் காசு கட்டிறன். கத்தரி நாளைக்குத் தண்ணி குடிக்காட்டி நாளையிண்டைக்குத் தலை தொங்கும்.”

“நிப்பாட்டச் சொல்லேல்லை அத்தான். முதல் உதுதானோ எண்டு பாக்கவேணும். நான் உள்ளுக்கை நிண்டு சொல்ல, நீங்கள் ஒருக்கால் போட்டு நிப்பாட்டினால் காணும்.”

அவர் காய்க்கடகத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“உவன் அனுப்பினவனோ?”

“இல்லை.”

“அப்ப அவன் வந்து கேக்கட்டும்.”

உதயகலாவுக்குக் கிழமை முழுக்க இழுத்துப் பிடித்திருந்த பொறுமை அங்கேதான் அறுந்தது.

“அத்தான், நீங்கள் கலியாணத்துக்கு வந்து சொல்லேல்லை எண்டு அவர் இருக்கிறார். அவர் வந்து கேக்கேல்லை எண்டு நீங்கள் இருக்கிறியள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலை நான் மூண்டு கிழமையா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரியிறன். மரத்திலை கட்டினன். கூரையிலை ஏத்தினன். நாளைக்கும் அறுந்தால் அந்தப் பிள்ளையள் போயிடும். எனக்கு வேறை பிள்ளையள் வராது. கோவத்தைத் திங்கட்கிழமையிலையிருந்து திரும்பத் தொடங்குங்கோ. இப்ப வந்து அந்தச் சுவிச்சைப் போடுங்கோ.”

சிவகௌரி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ. “போய்ப் போட்டுக் காட்டுங்கோவன். விரலோ தேயப்போகுது?” என்றாள்.

கதிரவேலு கடகத்தை வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார்.

உதயகலா வீட்டுக்குள் ஓடி ரவுட்டருக்கு முன்னால் நின்றாள். அங்கிருந்து கூப்பிட்டால் கிணற்றடிக்குக் கேட்கவில்லை. மோட்டர் ஓடத் தொடங்கினால் அறவே கேட்காது. “இஞ்சேருங்கோ,” என்று முற்றத்தில் நின்ற புருசனைக் கூப்பிட்டாள். “பொட்டடியிலை போய் நிண்டு, நான் சொல்லுறதை அங்கை சொல்லுங்கோ.”

“நானோ?”

“சுவருக்கோ சொல்லுறன்?”

ஜெயரூபன் போய்ப் பொட்டடியில் பக்கவாட்டாக நின்றான். அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உள்ளிருந்து உதயகலா, “போடச் சொல்லுங்கோ,” என்றாள்.

“போடட்டாம்,” என்றான் அவன், வேலிக் கதியாலைப் பார்த்து.

மோட்டர் இரைந்தது. வெளிச்சம் அவ்வளவும் போனது.

“செத்துப்போச்சு. நிப்பாட்டச் சொல்லுங்கோ.”

“நிப்பாட்டட்டாம்.”

மோட்டர் நின்றது. ரவுட்டர் எழும்பி வரும் வரை எல்லாரும் பார்த்திருந்தார்கள். கிணற்றடியில் காகம் ஒன்று வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது.

“போடச் சொல்லுங்கோ.”

“போடட்டாம்.”

திரும்பச் செத்தது. மூன்றாம் முறை அவள் நிப்பாட்டச் சொல்லவும், கதிரவேலுவுக்கு மோட்டர் இரைச்சலில் தம்பி முணுமுணுத்தது கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்து, என்ன என்று கேட்பதுபோலத் தலையை ஆட்டினார்.

“நிப்பாட்டட்டாம்,” என்றான் ஜெயரூபன் இன்னும் கொஞ்சம் பலத்து. அதுவும் கேட்கவில்லை.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ எண்டுறன்.”

மோட்டர் நின்றது. அந்த அமைதியில் அவன் சொன்னது பெரிதாகக் கேட்டு முடிந்திருந்தது. ஜெயரூபன் கதியாலில் ஒட்டியிருந்த காய்ந்த பட்டை ஒன்றை உரித்தான். கதிரவேலு சுவிச்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

உதயகலா வெளியே வந்தாள். “உதுதான்,” என்றாள்.

கண்டுபிடித்ததும் பெரிய சந்தோசம் ஒன்றும் வரவில்லை. கூரையில் நிற்கிற அன்ரனாவை அண்ணாந்து பார்த்தாள். கஜீபன் அதைத் திருப்பி எடுக்கப்போவதில்லை. மோட்டரையும் நிற்பாட்ட ஏலாது. கத்தரி வாடினால் அது இன்னொரு வீட்டுச் சோறு.

“எத்தினை வோல்ற் உது?” கதிரவேலு அவளைத்தான் கேட்டார்.

ஜெயரூபன் உள்ளே போய் ரவுட்டரின் கரண்ட் பெட்டியைக் கழற்றி வந்து வெயிலில் பிடித்து வாசித்தான். “பன்னிரண்டு எண்டு கிடக்கு.” பிறகு கொஞ்சம் யோசித்து, அவளிடமே சொன்னான்: “மோட்டச்சைக்கிள் பற்றரியும் பன்னிரண்டுதான். கழட்டிக் கொளுவிப் பாப்பமோ?”

“அவன்ரை பற்றரி ஹோண் அடிக்கவே காணாது,” என்றார் கதிரவேலு, அவரும் அவளிடமே.

“ஏன் காணாது? போன வருசம் மாத்தினது.”

“போன வருசமோ? நான் நெடுகப் பாக்கிறன், காலமை உதைச்சு உதைச்சுத்தானே எடுக்கிறாய்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரே பார்த்துவிட்டார்கள். கதிரவேலு விறுவிறென்று தன் கொட்டிலுக்குள் போனார். வரும்போது முதுகில் கத்தரிக்கு மருந்தடிக்கிற பற்றரித் தாங்கி இருந்தது. பொட்டுக்குள்ளால் அதோடு வர ஏலாமல், ஒழுங்கையால் சுற்றி, படலையைத் திறந்துகொண்டு வந்தார். இரண்டு வருசத்துக்குப் பிறகு அந்தப் படலைக்குள் அவர் கால் வைத்தது முதுகில் பூச்சிமருந்தோடுதான்.

“இதுக்குள்ளையும் பன்னிரண்டு வோல்ற்தான். அரைநாள் அடிச்சாலும் இறங்காது. இரவு சார்ச்சிலை போட்டுவிடுறன். நாளைக்குக் கொளுவுவம்.”

“தேத்தண்ணி குடிக்கிறியளோ அத்தான்?”

“வேண்டாம் பிள்ளை,” என்றவர், கிண்ணம் வந்ததும் வாங்கிக் குடித்தார்.

சனிக்கிழமை காலை தாங்கியை மூன்றுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மருந்து மணம் போகவில்லை. ஒன்பது மணியிலிருந்து அண்ணனும் தம்பியும் வயரோடு மல்லுக்கட்டினார்கள். வெள்ளைக்கோடு போட்ட வயர்தான் பிளஸ் என்றார் அண்ணன். இல்லை, கோடில்லாததுதான் என்றான் தம்பி. மாறிக் கொளுவினால் ரவுட்டர் புகையும் என்று உதயகலா சத்தம் போட்ட பிறகு, படலையடிக்குப் போய்க் கஜீபனுக்குக் கோல் எடுத்துக் கேட்டார்கள். அண்ணன் சொன்னது சரி. தம்பி, கஜீபனுக்கு என்ன தெரியும் என்றான்.

பத்தரைக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு உதயகலா சுருதிப்பெட்டியை மடியில் வைத்தாள். பக்கத்து மரவாங்கில் ரவுட்டரும் மருந்துத் தாங்கியும் சோடியாக இருந்தன. தக்சாயினி பிள்ளைகளைக் கொண்டுவந்து இருத்தினாள். பிள்ளைகளின் முகத்தில் ஒரு நம்பிக்கையும் இல்லை.

சரளி வரிசை ஒருக்கால் ஓடினார்கள். இரண்டாம் தரம் ஓடும்போது வெளியே மோட்டர் தொடங்கியது. உதயகலா பாட்டை விடாமல் தாங்கியைப் பார்த்தாள். ஃபான் இளைத்தது. ரவுட்டரின் வெளிச்சங்கள் நின்ற இடத்தில் நின்றன. திரையில் நடுவிலாளின் கை எழுந்து, இறங்கி, தொடையில் தட்டியது.

அதன் பிறகு அவள் தாங்கியைப் பார்க்கவில்லை. மேடைக்கு என்று எடுத்த கீர்த்தனையைப் பல்லவியிலிருந்து பிடித்தார்கள். சின்னவன் எப்போதும் விழுங்குகிற சங்கதியை மூன்றுதரம் திருப்பிப் பாடவைத்தாள். மூத்தவள் மேலே போகும்போது கழுத்தை நீட்டுகிறாள் என்று இத்தனை நாள் இவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைத் திருத்தினாள். அனுபல்லவி முடிந்தது, சரணமும் பாதி வந்தது.

அப்போதுதான் மோட்டர் நின்றது. நின்ற கையோடு கிணற்றடியிலிருந்து குரல்கள் வந்தன, முதலில் தணிவாக, பிறகு கதவு யன்னல் பாராமல்.

“கலியாணக் காட்டிலை உன்ரை பேரை முதலாவதா எழுதினது நான். என்ரை கையாலை எழுதினனான்.”

“எழுதினால் காணுமோ? பக்கத்து வளவு. பொட்டுக்குள்ளாலை வந்து ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமல் போச்சோ?”

“எனக்கு அப்ப காய்ச்சல். எழும்ப ஏலாமல் கிடந்தனான். நீ வந்து ஏன் எண்டு கேட்டனியோ?”

“காய்ச்சல் எண்டு எனக்கு ஆர் சொன்னது?”

“ஆரும் சொல்லித்தான் வருவியோ?”

பிள்ளைகள் பாட்டை நிற்பாட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். மெல்பேர்ன் வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் போயிருந்தது. தக்சாயினியின் முகம் திரைக்குள் வந்தது.

“ரீச்சர், அங்கை ஆரோ சண்டை பிடிக்கினம் போலை. பிரச்சினை ஒண்டுமில்லையே? வேணுமெண்டால் பிறகு எடுக்கிறம்.”

உதயகலா யன்னல் பக்கம் திரும்பினாள். துவாயைத் தோளிலிருந்து இழுத்து உதறி உதறிக் கதிரவேலு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயரூபன் கையில் வாளியோடு, மாமரத்தடியில் நிற்காமல், அவருக்கு நேர் முன்னால் நின்றான்.

“சண்டை இல்லைத் தக்சாயினி,” என்றாள். “கதைக்கினம்.”

எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து சுருதிப்பெட்டியை மடியில் வைத்து, “எங்கை, சரணத்திலையிருந்து வாங்கோ,” என்றாள்.